சின்னப் புத்தகம், மூன்று பெரிய படம்: 'தி ஹாபிட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி வருகிறவர்கள் ஒரு பக்கம், புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்தில் ஏமாந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக: 'தி ஹாபிட்' என்பது என்ன?

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய குழந்தைகள் நாவல். 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் வெளிவந்தது. ஹாபிட் என்பது மனிதரில் பாதி உயரம் உள்ள, செருப்புப் போடாத, பாதத்தில் சுருட்டை முடி வளர்ந்த ஓர் இனம். கிடைத்தால் இராத்திரிச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிடுவார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த பில்போ பேகின்ஸுக்கு வயது 50, வீட்டை விட்டு வெளியே போகவே பிடிக்காது. ஒரு நாள் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் ஏற்பாட்டில் பதின்மூன்று குள்ளர்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்து சரக்கறையைக் காலி செய்கிறார்கள். ஸ்மாக் என்ற டிராகன் பறித்துக்கொண்ட தங்கள் மலையையும் தங்கத்தையும் மீட்கப் போகிறார்கள், அதற்கு அவர்களுக்கு ஒரு திருடன் தேவை. பில்போவைத் திருடனாக வேலைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர் போகிறார், திரும்பி வருகிறார். கதை அவ்வளவுதான்.

பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் அந்த டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டன. பின்னால் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதை மூன்று படமாக்கியபோது கையில் இருந்தது இந்தப் புத்தகம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் எவ்வளவு பெரியது, படங்கள் எவ்வளவு நீளம்?

புத்தகத்தில் 19 அத்தியாயம், சுமார் 95 ஆயிரம் சொல். விடுமுறை நாளில் காலையில் எடுத்தால் இரவுக்குள் முடித்துவிடலாம்.

படங்கள் 2012, 2013, 2014 டிசம்பர்களில் வரிசையாக வந்தன. தியேட்டரில் ஓடிய அளவில் 169 நிமிடம், 161 நிமிடம், 144 நிமிடம். மொத்தம் 474 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் குறைவு. பிறகு டிஸ்க்கில் வந்த நீட்டித்த வடிவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்தைத் தொடுகிறது.

டோல்கீன் பின்னால் எழுதிய பெரிய நாவலை வைத்து இதே ஜாக்சன் முன்பு எடுத்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களும் சேர்ந்து 558 நிமிடம். அந்த நாவலில் 62 அத்தியாயங்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டால் அங்கே ஓர் அத்தியாயத்துக்கு 9 நிமிடம், இங்கே 25 நிமிடம். ஜவ்வு மிட்டாய்க்காரர் கூட இவ்வளவு இழுக்க மாட்டார்.

இதற்கு முன் யாரும் இதைப் படமாக எடுக்கவில்லையா?

எடுத்திருக்கிறார்கள். 1977 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன் படம் முழுக்கதையையும் 77 நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டது. பேயோர்ன் என்ற கரடி மனிதர் அதில் இல்லை, குள்ளர்கள் உயிராக நினைக்கும் ஆர்க்கன்ஸ்டோன் என்ற மணிக்கல்லும் இல்லை. இருந்தாலும் கதை புரியும், பில்போவையும் பிடித்துப் போகும்.

அதைவிடச் சுவாரசியமானது 1966 கதை. வில்லியம் ஸ்னைடர் என்ற தயாரிப்பாளரிடம் படமாக்கும் உரிமை இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஒரு வண்ணப்படம் எடுத்துக் காட்டாவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். அந்த நேரம் பார்த்து டோல்கீனின் புத்தகங்கள் அமெரிக்காவில் பித்துப் பிடித்த மாதிரி விற்கத் தொடங்கியிருந்தன, உரிமைக்கு விலை ஏறிவிட்டது. பிராக் நகரில் இருந்த ஜீன் டைச் என்ற கார்ட்டூன் இயக்குநரிடம் ஒரு மாதத்துக்குள் ஏதாவது செய்து கொண்டுவா என்றார் ஸ்னைடர். அவரும் ஆடால்ஃப் போர்ன் என்ற ஓவியரின் படங்களைக் கேமராவுக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி 12 நிமிடத்தில் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு நியூயார்க் போனார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்தார்கள். அதே காசை டிக்கெட்டுக்கு என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காசு கொடுத்துப் படம் பார்த்தோம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது!

ஆக இந்தக் கதை 12 நிமிடத்திலும் வந்திருக்கிறது, 77 நிமிடத்திலும் வந்திருக்கிறது, 474 நிமிடத்திலும் வந்திருக்கிறது. உரிமை போய்விடுமே என்று பயந்து எடுத்த அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

முதலில் இரண்டு படம் என்றுதானே சொன்னார்கள்? மூன்றாவது எப்போது முளைத்தது?

இந்தக் கேள்விக்குத் தேதிகளோடு பதில் சொன்னால்தான் புரியும்.

2008-இல் கியெர்மோ டெல் டோரோதான் இயக்குநர், திட்டம் இரண்டு படம். தயாரிப்பில் பங்கு இருந்த எம்ஜிஎம் நிறுவனம் கடனில் தத்தளித்ததால் படப்பிடிப்புக்குப் பச்சைக்கொடி கிடைக்கவே இல்லை. இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு 2010 மே மாதம் டெல் டோரோ விலகினார். அக்டோபரில் ஜாக்சனே பொறுப்பேற்றார். 2011 ஜனவரியில் அவருக்குக் குடல்புண் அறுவைச் சிகிச்சை நடந்தது. மார்ச் 21 அன்று படப்பிடிப்பு தொடங்கியது, அப்போதும் இரண்டு படம்தான். 2012 ஜூலை முதல் வாரம் படப்பிடிப்பு முடிந்தது. அதே ஜூலை 30 அன்று ஜாக்சன் ஃபேஸ்புக்கில் அறிவித்தார்: படம் மூன்று.

முதல் படம் வெளிவர ஐந்து மாதம் கூட இல்லாத நேரம் அது. இரண்டு படத்துக்கு என்று எழுதி, இரண்டு படத்துக்கு என்று எடுத்து முடித்ததைப் பிரித்து மூன்றாக்கினார்கள். அடுத்த ஆண்டு நடிகர்களைத் திரும்ப நியூசிலாந்துக்கு வரவழைத்து மேலும் சில வாரம் எடுத்தார்கள். சட்டையை இரண்டு பேருக்கு வெட்டித் தைத்து முடித்த பிறகு மூன்றாவது ஆளுக்கும் வேண்டும் என்று சொன்னால் தையல்காரர் என்ன செய்வார்? ஒட்டுப்போடுவார். படம் முழுக்க அந்த ஒட்டுகள் தெரிகின்றன.

காரணம் பணம்தானே?

பணமும்தான். முதல் படம் உலகம் முழுக்க 100 கோடி டாலரைத் தாண்டியது, மற்ற இரண்டும் தலா 95 கோடிக்கு மேல். மூன்றும் சேர்ந்து 290 கோடி டாலருக்கு மேல். மூன்றாவது படம் என்பது கிட்டத்தட்ட எடுத்து முடித்த சரக்கிலிருந்து இன்னொரு டிசம்பர் வசூல். எந்த ஸ்டூடியோ வேண்டாம் என்று சொல்லும்?

இதில் ஒரு வழக்கும் உண்டு. முன்பு உரிமை வைத்திருந்த வைன்ஸ்டைன் சகோதரர்களுக்கு முதல் படத்தில் மட்டும் பங்கு கொடுத்தார்கள். ஒரே புத்தகத்தை மூன்றாக வெட்டினால் அது ஒரே படம்தான், மற்ற இரண்டிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்று 2013 டிசம்பரில் 7.5 கோடி டாலர் கேட்டுப் போனார்கள். நடுவர் தீர்ப்பு அவர்கள் பக்கம் வரவில்லை. ஒரு புத்தகம் என்பது எத்தனை படம் என்பதைச் சட்டத்தின் வாயாலேயே கேட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் பணம் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாக்சனும் அவரோடு எழுதிய ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ் இருவரும் டோல்கீன் பித்தர்கள். எடுத்த காட்சிகளைப் பார்த்தபோது சொல்ல இன்னும் நிறைய இருக்கிறதே என்று தோன்றியதாகச் சொன்னார்கள். நம்புகிறேன். பிடித்த ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் சந்துசந்தாக அழைத்துப் போவாரே, அந்த மாதிரி. கூட வருகிறவருக்குக் கால் வலிப்பது அவருக்குத் தெரியாது.

புத்தகத்தில் இல்லாத கதை எங்கிருந்து வந்தது?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கடைசி பாகத்தின் பின்னிணைப்பிலிருந்து. ஹாபிட்டில் கேண்டால்ஃப் நடுவழியில் வேலை இருக்கிறது என்று கழன்றுகொள்வார், கடைசியில் திரும்பி வருவார். நெக்ரோமான்சர் என்ற தீயவனைத் துரத்தப் போயிருந்தார் என்று நாலு வரியில் விஷயம் முடிந்துவிடும். அந்த நாலு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் பின்னிணைப்பு ஓரளவு சொல்கிறது. படம் அதை எடுத்துக்கொண்டு தனிக்கதையாக ஓட்டியது. புத்தகத்தில் ஒரே ஒரு தடவை பேர் மட்டும் வரும் ராடகாஸ்ட், படத்தில் முயல் பூட்டிய வண்டியில் பாய்ந்து வருகிறார்.

டோல்கீனின் மற்ற நூல்களைத் தொட அவர்களுக்கு உரிமை கிடையாது, அது குடும்பத்திடம் இருக்கிறது. முதல் படத்தில் கேண்டால்ஃப் மந்திரவாதிகளை எண்ணிக்கொண்டே வந்து, நீல மந்திரவாதிகள் இருவரின் பேர் மறந்துபோய்விட்டது என்பார். அந்தப் பேர்கள் உரிமை இல்லாத புத்தகத்தில் அல்லவா இருக்கின்றன! தியேட்டரில் சிரித்தவர்கள் நாலைந்து பேர்தான். நானும் ஒருவன்.

அசோக், டாரியல், ஆல்ஃப்ரிட் இவர்களெல்லாம் யார்?

அசோக், ஓர்க் என்ற கொடிய அரக்க இனத்தின் தலைவன், டோல்கீனின் பாத்திரம்தான், ஆனால் ஹாபிட் கதை நடக்கும் காலத்தில் அவன் செத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. புத்தகத்தில் போருக்கு வருவது அவன் மகன் போல்க். மூன்று படத்துக்கும் விரட்டிக்கொண்டே வர ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அப்பாவை உயிர்ப்பித்துவிட்டார்கள்.

மனிதரைப் போன்ற, சாகாவரம் பெற்ற எல்ஃப் இனத்து வீராங்கனையான டாரியல் முழுக்கக் கற்பனை. புத்தகத்தில் பேசும் பெண் பாத்திரம் ஒன்றுகூட இல்லை, அதனால் ஒருத்தியைச் சேர்த்ததில் எனக்குக் குறை இல்லை. எவாஞ்சலின் லில்லி நன்றாகத்தான் நடித்தார். முக்கோணக் காதல் வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டதாகவும், கூடுதல் படப்பிடிப்புக்குத் திரும்ப வந்தபோது அதுவே தன் தலையில் விழுந்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒட்டுத்துணி என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஏரி நகரத் தலைவரின் எடுபிடியாகப் படத்தில் சேர்த்த ஆல்ஃப்ரிட் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது.

நீட்டினால் என்ன கெட்டுப்போகிறது? ஒரு காட்சியைக் காட்டிச் சொல்ல முடியுமா?

பீப்பாய்க் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவது அத்தியாயம்.

குள்ளர்கள் எல்ஃப் அரசனின் நிலவறையில் அடைபட்டிருக்கிறார்கள். மோதிரம் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பில்போ மட்டும் வெளியே, அரண்மனைக்குள் திருட்டுச் சோறு தின்றுகொண்டு வாரக்கணக்கில் அலைகிறார். காலிப் பீப்பாய்களை ஆற்றில் தள்ளி ஏரி நகரத்துக்கு அனுப்புவார்கள் என்பதைக் கண்டுபிடிக்கிறார். காவலன் குடித்துவிட்டுத் தூங்கும் நேரம் சாவியை எடுத்து, குள்ளர்களை ஒவ்வொருவராகப் பீப்பாய்க்குள் உட்கார வைத்து, வைக்கோலை அடைத்து மூடுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது, தன்னை உள்ளே வைத்து மூட ஆள் இல்லை. கடைசிப் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் விழுகிறார். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. இருட்டில் நனைந்த ஒரு சின்ன மனிதர், உருளும் பீப்பாய் மேல் உட்கார முடியாமல் உட்கார்ந்துகொண்டு போகிறார்.

அதற்கு அவர் கொடுக்கும் விலை ஜலதோஷம். மூன்று நாள் தும்மல். ஏரி நகரத்தில் விருந்து கொடுத்துக் கொண்டாடும்போது மூக்கடைப்போடு நன்றி மட்டும்தான் சொல்ல முடிகிறது. தமிழில் சொன்னால் "பிக்க தட்றி" என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

படத்தில் பீப்பாய்களுக்கு மூடி கிடையாது. ஆற்றின் இரு கரையிலும் ஓர்க்குகள் ஓடி வருகின்றன. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் எல்ஃப் வில்லாளி லெகோலாஸ், அவருக்கு இந்தப் புத்தகத்தில் வேலையே இல்லை, குள்ளர்களின் தலைமேல் கால் வைத்துத் தாவித் தாவி அம்பு விடுகிறார். குண்டுக் குள்ளர் ஒருவர் பீப்பாயோடு கரையில் உருண்டு பத்துப் பேரை நசுக்குகிறார். பொருட்காட்சி ரோலர் கோஸ்டர் மாதிரி இருக்கிறது, முதல் தடவை பார்க்க ஜாலியாகவும் இருக்கிறது. ஆனால் இது யாருடைய யோசனை, யார் கஷ்டப்பட்டார், யாருக்கு ஜலதோஷம் பிடித்தது என்பதெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பில்போ அந்தக் கூட்டத்தில் ஒரு தலை, அவ்வளவுதான்.

மூன்று படத்துக்கும் என் புகார் இந்த ஒன்றில் அடங்கிவிடும். நீளத்தை மன்னிக்கலாம். நீளத்தை நிரப்பக் கொண்டுவந்த ஆட்கள் கதாநாயகரையே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடைசிப் போர் புத்தகத்திலும் இருக்கிறதே?

இருக்கிறது, சில பக்கம். அதிலும் நடுவில் பில்போவின் தலையில் கல் விழுந்து மயங்கிவிடுகிறார். கண் விழிக்கும்போது போர் முடிந்திருக்கும். வேண்டுமென்றே செய்த குறும்பு அது. முதல் உலகப்போரில் சொம் போர்க்களத்தில் இருந்துவிட்டு வந்தவர் டோல்கீன், நெருங்கிய நண்பர்களைப் பறிகொடுத்தவர். குழந்தைகளுக்கு எழுதும்போது போரைப் பக்கம் பக்கமாக வர்ணிக்காமல், அது முடிந்த பிறகு இருக்கும் அமைதியை எழுதினார். கூடாரத்தில் சாகக் கிடக்கும் குள்ளர் தலைவர் தோரின், பில்போவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். மருமகன்கள் ஃபிலியும் கிலியும் மாமாவைக் காத்து நின்று இறந்தார்கள் என்பது ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் தொண்டையை அடைக்கும்.

படத்தில் போர் முக்கால் மணி நேரம். அக்கா மகளோடு உட்கார்ந்து வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு அப்போது ஒன்பது வயது. லெகோலாஸ் இடிந்து விழும் கற்கள்மேல் படி ஏறுவது போல ஏறிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, பில்போ எங்க போனாரு?" என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது படம் ஏன் பாதியில் அறுந்தது போல முடிகிறது?

டிராகன் ஏரி நகரத்தை எரிக்கப் பறக்கிறது, திரை இருட்டாகிறது. ஒரு வருடம் காத்திருந்து மூன்றாவது படத்துக்குப் போனால் பேர் போடுவதற்குள் டிராகன் செத்துவிடுகிறது. தொடர்கதையில் 'தொடரும்' போடுவதற்கும் ஓர் இடம் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் அடுத்த வாரம் என்றால் சரி. வாக்கியத்தின் நடுவில் போட்டால் அச்சுப்பிழை. இரண்டை மூன்றாக்கியபோது முடிவு எந்த இடத்தில் விழுகிறது என்பது கைமீறிப் போய்விட்டது.

இந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, அதற்கு முன் குள்ளர்கள் உலை மூட்டி, தங்கத்தை உருக்கி, பிரம்மாண்டச் சிலை வார்த்து டிராகன்மேல் கொட்டும் ஒரு நீண்ட காட்சி இருக்கிறது. புத்தகத்தில் இதில் ஒரு சொல்கூடக் கிடையாது. உருகிய தங்கத்தில் முங்கி எழுந்தும் டிராகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் எதற்கு அந்தக் காட்சி?

ஜாக்சன் இதை ஒப்புக்கொண்டாரா?

மூன்றாவது படத்தின் டிஸ்க்கில் படப்பிடிப்புப் பின்னணிக் காட்சிகள் இருக்கின்றன. தயாரிப்புக்கு நேரமே கிடைக்காமல் களத்தில் இறங்கியதையும், என்ன எடுக்கப் போகிறோம் என்று தெரியாமலே செட்டுக்குப் போன நாட்களையும் அதில் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். போர்க் காட்சியை எப்படி எடுப்பது என்று தெளிவில்லாமல் நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்குக் கேமரா ஓடும் முன்பே வருடக்கணக்கில் திட்டமிட்டிருந்தார்கள். இங்கே டெல் டோரோ விட்டுப்போன இடத்திலிருந்து ஓடிக்கொண்டே மாடி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதியாகக் குறைந்தது.

இன்னொரு காட்சி. கேண்டால்ஃபாக நடித்த இயான் மெக்கெல்லன் மற்றவர்களைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பச்சைத்திரைக்கு முன் தனியாக உட்கார வைக்கப்பட்டார். எதிரே குள்ளர் நடிகர்கள் இல்லை, அவர்களின் புகைப்படங்கள்தான். யார் பேசுகிறாரோ அவருடைய விளக்கு எரியும். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரிய நடிகர் இதற்காகவா நடிக்க வந்தேன் என்று உடைந்து அழுதுவிட்டார். மறுநாள் படக்குழுவினர் அவருடைய கூடாரத்தைப் பழைய படங்களின் பொருட்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள்.

அப்படியானால் படங்களில் நல்லது எதுவுமே இல்லையா?

யார் சொன்னது? முதல் படத்தின் விடுகதைக் காட்சியைப் பாருங்கள். குகைக்குள் பில்போவும், அங்கே வாழும் கொல்லம் என்ற விசித்திரப் பிராணியும் மாற்றி மாற்றி விடுகதை போடுகிறார்கள், தோற்றால் பில்போ கொல்லத்துக்கு இரை. கிட்டத்தட்டப் புத்தகத்தில் இருப்பது போலவே, அவசரம் இல்லாமல், இரண்டே பேரை வைத்து எடுத்திருக்கிறார்கள். மார்ட்டின் ஃப்ரீமனும் ஆண்டி செர்கிஸும் நாடகம் போல நீளமாக நடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீளம் மட்டும்தான் குற்றம் என்றால் இந்தக் காட்சியும் குற்றவாளிதான். எனக்கு இன்னும் பத்து நிமிடம் போயிருக்கலாம் என்று தோன்றியது.

தொடக்கத்தில் குள்ளர்கள் ஒவ்வொருவராக வந்து சாப்பிடுவதை இழுவை என்பார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. புத்தகத்திலும் அது நீளம்தான், விருந்தாளி நிற்காமல் வந்துகொண்டே இருப்பதுதானே வேடிக்கை. ஸ்மாக்கின் குரல் பெனடிக்ட் கம்பர்பேட்ச், பிரமாதம். ஃப்ரீமனை விட நல்ல பில்போ இனி கிடைப்பாரா என்பது சந்தேகம். அதனால்தான் ஆதங்கம் அதிகம்.

மூன்று படத்துக்குமாக ஏழு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. முந்தைய மூன்றும் சேர்ந்து பதினேழு வாங்கியவை.

நொடிக்கு 48 ஃபிரேம் என்று ஒரு பேச்சு இருந்ததே?

வழக்கம் 24. இரட்டிப்பாக்கினால் 3டி தெளிவாக இருக்கும் என்றார்கள். தெளிவாகத்தான் இருந்தது, ஒட்டுத்தாடியின் ஓரம் வரைக்கும். டிவி சீரியல் பார்ப்பது போல இருந்தது என்பதே பலருடைய புகார். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

டோல்கீனே ஹாபிட்டைப் பெரிதாக்க நினைத்தார் என்கிறார்களே?

உண்மை. பின்னால் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1951 பதிப்பில் கொல்லம் அத்தியாயத்தை மாற்றினார். முதல் பதிப்பில் கொல்லம் தோற்றதும், பில்போ ஏற்கெனவே கண்டெடுத்துவிட்ட அந்த மாய மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கவே தேடும், கிடைக்காததற்கு மன்னிப்பும் கேட்கும்! 1960-இல் புத்தகம் முழுவதையும் பெரியவர்களுக்கான கனமான நடையில் திருப்பி எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்களை ஒரு நண்பரிடம் காட்டினார். நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஹாபிட் இல்லையே என்ற பொருளில் அவர் சொல்ல, டோல்கீன் அத்தோடு விட்டுவிட்டார். எழுதியவருக்கே அப்படி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஜாக்சனுக்கு அந்த நண்பர் அமையவில்லை.

ஒரு புத்தகத்தைப் பிரித்து எடுத்தாலே தப்பா?

இல்லை. ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகத்தை 2010, 2011 என்று இரண்டாக்கினார்கள், புத்தகம் தாங்கியது. அதைப் பார்த்து 'ட்வைலைட்' காரர்கள் செய்தார்கள், 'ஹங்கர் கேம்ஸ்' காரர்கள் செய்தார்கள். 'டைவர்ஜென்ட்' காரர்களுக்குத்தான் அடி பலம். கடைசிப் புத்தகத்தின் முதல் பாதி 2016-இல் வந்து படுத்தது, இரண்டாம் பாதியை எடுக்கவே இல்லை. அந்த ரசிகர்கள் இன்னும் இடைவேளையில் நிற்கிறார்கள். மறுபக்கம் 'டியூன்' நாவலை 1984-இல் ஒரே படத்தில் திணித்தபோது மூச்சு முட்டியது. 2021, 2024 என்று இரண்டாக்கியதும் சரியாக வந்தது. புத்தகத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்ட வேண்டும்.

'பொன்னியின் செல்வன்' இரண்டு படம் போதவில்லை என்றோமே, அது மட்டும் எப்படி?

அது தலைகீழ் வழக்கு. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகத்தை மணிரத்னம் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் கொண்டுவந்தார். அங்கே ஆட்கள் காணாமல் போனார்கள். மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை, கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு அது என்ன இழப்பு என்று தெரியும். ஆனாலும் வந்தியத்தேவன் முதல் காட்சியிலிருந்து நம்மோடு குதிரையில் வருகிறான். குறைத்ததில் வாசகருக்கு ஏக்கம் மிஞ்சியது, ஹாபிட்டை நீட்டியதில் அலுப்பு மிஞ்சியது. எனக்கு ஏக்கம் பரவாயில்லை.

இத்தோடு முடிந்ததா?

எங்கே! 2022-இல் தொடங்கிய 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடருக்கும் அதே பின்னிணைப்புதான் கிணறு. 2024 டிசம்பரில் வந்த அனிமேஷன் படம் அதே பின்னிணைப்பின் ஓரிரு பக்கத்திலிருந்து எடுத்தது. கொல்லத்தைத் தேடும் கதையை ஆண்டி செர்கிஸ் இயக்கப் போவதாகவும் அதே ஆண்டு அறிவித்துவிட்டார்கள்.

எட்டு மணி நேரத்தையும் பார்க்காமல் கதையை மட்டும் பார்க்க வழி உண்டா?

மூன்று படத்தையும் வெட்டி ஒன்றாக்கிய ரசிகர் வடிவங்கள் 2015 தொடக்கத்திலிருந்தே உலவுகின்றன, நான்கு மணி நேரம் அளவில். டாரியல் காதல், நெக்ரோமான்சர், அசோக்கின் விரட்டல் எல்லாம் போய், பில்போ இருக்கும் காட்சிகள் மிஞ்சும். சட்டப்படி அவை சரியில்லாத சரக்கு என்பதால் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ரிமோட் கையில் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம்: திரையில் பில்போ இல்லையென்றால் ஓட்டிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் புத்தகமா, படமா?

வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். டோல்கீன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது, எழுத்திலும் அந்தக் குரல் அப்படியே இருக்கிறது. நடுநடுவே நிறுத்தி நம்மிடம் பேசுவார். ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்த தமிழில் சொன்னாலும் போதும். இரவுக்கு ஓர் அத்தியாயம் என்றால் மூன்று வாரம் கூட ஆகாது.

எங்கள் வீட்டில் முறை மாறிவிட்டது, படம் முதலில் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு விடுமுறைக்கு அவளுக்குப் படித்துக் காட்டினேன். விடுகதைகளில் பாதியை அவளே அவிழ்த்தாள். சிலந்திகளுக்குப் பயந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். பீப்பாய் அத்தியாயத்தைத் தாண்டி ஏரி நகரத்து விருந்துக்கு வந்தபோது புத்தகத்தைப் பிடுங்கி அந்த இடத்தை மறுபடி காட்டச் சொன்னாள். மறுநாள் காலையில் தோசை வைத்துக் கொடுத்தேன். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"பிக்க தட்றி, பாபா."